நாட்பட்ட வயிற்றோட்டத்துக்கு எந்த மலப் பரிசோதனை? வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் அண்ணாவுக்கு இரண்டு மாதமாக வயிற்றோட்டம். பார்மசியில் கேட்டு அமீபாக் குளிசை இரண்டு தடவை போட்டும் நிற்கவில்லை. கடைசியில் டொக்டரிடம் போனார். துண்டில் மூன்று மலப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார்கள். "எல்லாம் பீதானே தம்பி, ஒண்டைக் குடுத்தால் காணாதோ?" என்றார் அண்ணா.

காணாது. எடுத்துப் போகும் பொருள் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் தேடுவது வேறு. எங்கள் பக்கத்து வெயிலையும் பஸ் பயணத்தையும் அவை தாங்கும் விதமும் வேறு.

ஸ்டூல் புல் ரிப்போர்ட் எல்லோருக்கும் தெரிந்தது. மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துச் சீழ்க்கலம் (அதாவது வெண்குழியம்), செங்குழியம், அமீபா, புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மலிவு, அன்றே முடிவு வரும். கிருமியா, புழுவா என்று கேட்பவருக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஆனால் இதைப்போலப் பயணத்துக்கு ஒவ்வாத பரிசோதனையும் இல்லை. அமீபா உயிரோடு நகர்வதைப் பார்க்க வேண்டுமானால், தண்ணீராகப் போன மலத்தை அரை மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும். அண்ணா விடிய 5 மணிக்கு எடுத்ததை ஜாம் போத்தலில் அடைத்து, பஸ்ஸில் கொண்டுபோய் 9 மணிக்குக் கொடுத்தார். 'ஒன்றும் காணப்படவில்லை' என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்த நேரத்துக்குள் அமீபா செத்துச் சிதைந்திருக்கும், வெண்குழியங்களும் உடையத் தொடங்கியிருக்கும். இதற்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே எடுத்துக் கொடுப்பதே நல்லது. வெட்கம் பார்த்தால் காசும் நாளும்தான் வீண். அமீபா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு (சிஸ்ட்) தெரிகிறது என்று வந்தாலும் உடனே முடிவு கட்ட முடியாது. நோய் தரும் அமீபாவின் கூடும், சும்மா குடியிருக்கும் இன்னொன்றின் கூடும் நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அடுத்தது மறைகுருதிப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத குருதியைத் தேடுவது. பழைய முறையில் இறைச்சி சாப்பிட்டாலும் குருதி இருப்பதாகக் காட்டிவிடும். விற்றமின் சி குளிசை போட்டால் இருப்பதையும் மறைத்துவிடும். புதிய முறை மனிதக் குருதியை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியைக் கொண்டது, அதனால் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. இதற்கு எதிரி வெயில்தான். சூட்டில் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து, இருந்த குருதி இல்லையென்று போய்விடும். பெருங்குடல் புற்றுநோயைத் தேட இது நல்ல வழி. குடலில் அழற்சி இருக்கிறதா என்ற கேள்விக்கு இதை நான் நம்பமாட்டேன். அழற்சி இருந்தும் குருதி கசியாமல் இருக்கலாம், மூலநோயாலும் கசியலாம்.

மூன்றாவது கல்ப்ரொடெக்டின். பெயர்தான் வாய்க்குள் நுழையாது. நியூட்ரோபில் என்ற வெண்குழியத்துக்குள் நிறைந்திருக்கும் ஒரு புரதம் இது. குடற்சுவர் அழற்சியடைந்தால் அந்த வெண்குழியங்கள் அங்கே திரண்டு குடலுக்குள் இறங்கும், அவற்றோடு இந்தப் புரதமும் மலத்தில் சேரும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால், வளர்ந்தவர்களில் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்புக் குறைவு. 250ஐத் தாண்டினால் அழற்சி நன்றாகவே இருக்கிறது என்று எடுப்பார்கள். இடையில் வந்தால் இரண்டுங்கெட்டான், சில வாரம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். அழற்சியில்லாத வெறும் குடல் எரிச்சலா (ஐபிஎஸ்), குரோன் அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற நாட்பட்ட குடல் அழற்சி நோயா என்று பிரித்தறிய இதைப் பயன்படுத்தலாம் என 2013இல் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது.

இந்தப் புரதத்தைக் குடல் பக்ரீரியாக்கள் எளிதில் உடைக்க முடியாது என்பதால் மாதிரி ஓரிரு நாள் தாங்கும். அண்ணாவின் போத்தல் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணித்துக் கொழும்புக்குப் போனது. புல் ரிப்போர்ட்டுக்கு அப்படி அனுப்புவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் விலை பல மடங்கு. அழற்சி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. கிருமித் தொற்றிலும் ஏறும், சிறு பிள்ளைகளுக்கு இயல்பாகவே கூட இருக்கும். அப்புறம் இன்னொன்று, வன்னியில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்: நோவுக் குளிசை. நாரி நோவுக்கு டைக்ளோபெனாக் போடாத கமக்காரரை நான் இன்னும் காணவில்லை. அது குடலைப் புண்ணாக்கி இந்த எண்ணைக் கூட்டிவிடும். அண்ணாவுக்கு முதலில் வந்தது 180. வெட்டுக்காலம் முழுக்கத் தினம் ஒன்று போட்டிருக்கிறார், யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

லக்ரோபெரின் என்று இன்னொன்றும் உண்டு, அதுவும் வெண்குழியப் புரதமே. தாய்ப்பாலிலும் அது இருப்பதால் பால்குடிக் குழந்தைகளுக்குக் குழப்பும். கல்ப்ரொடெக்டின் கிடைத்தால் இதைத் தேடி அலையத் தேவையில்லை. அழற்சி வந்தால் ஏறும் சீஆர்பி என்ற புரதம் மலத்தில் அல்ல, குருதியில் பார்ப்பது. அது சரியாக இருந்துகொண்டே பெருங்குடல் புண்ணாகியிருக்கலாம்.

நான் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் புல் ரிப்போர்ட், அதுவும் ஆஸ்பத்திரியிலேயே எடுத்து, முடிந்தால் வேறுவேறு நாளில் மூன்று தடவை. அதில் தொற்று இல்லை, நோவுக் குளிசையும் நிறுத்தியாயிற்று, இன்னும் ஓடுகிறது என்றால் கல்ப்ரொடெக்டினுக்குக் காசைக் கொடுக்கலாம். மலத்தில் குருதி கண்ணாலேயே தெரிந்தாலோ, உடம்பு மெலிந்தாலோ, காய்ச்சல் காய்ந்தாலோ இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் ஓட வேண்டும்.

டொக்டரிடம் சொல்லி அண்ணா குளிசையை நிறுத்தினார். ஆறு வாரம் கழித்துச் செய்தபோது 390. இனி மலத்தைக் கேட்டுப் பயனில்லை, ஆசனவாயால் கமரா பொருத்திய குழாய் விட்டுப் (கொலனொஸ்கோபி) பார்க்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் திகதி கிடைத்திருக்கிறது. குழாய்க்குக்கூட அவர் பயப்படவில்லை. முதல் நாள் குடிக்க வேண்டிய பேதி மருந்துக்குத்தான் முகத்தைச் சுளிக்கிறார்.