மொழி உரிமை: நிலத்துக்கா, ஆளுக்கா?

பல மொழி பேசும் கூட்டாட்சியில் மொழி உரிமையை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். பெல்ஜியம் அதை நிலத்தோடு கட்டியது. கனடாவின் மத்திய அரசு ஆளோடு அனுப்பியது.

பெல்ஜியத்தில் 1962-63 சட்டங்கள் மொழி எல்லையை உறுதியாக்கின. வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு, கிழக்கு ஓரத்தில் ஜெர்மன். பிரஸ்ஸல்ஸில் மட்டும் டச்சும் பிரெஞ்சும். சலுகை பெற்ற சில ஊர்கள் தவிர, வடக்கே குடியேறிய பிரெஞ்சு பேசுபவருக்கு நகராட்சி டச்சில்தான் பதில் தரும். இதன் உச்சம், டச்சுப் பகுதியில் இருந்துகொண்டு இரு மொழியிலும் இயங்கிய லூவன் பல்கலைக்கழகம். 1968இல் அது இரண்டாகப் பிரிய முடிவானது. பிரெஞ்சுப் பிரிவு புது ஊர் கட்டிக்கொண்டு போனது. நூலகத்தையும் பங்குபோட்டார்கள்: அலமாரி எண் ஒற்றைப்படை என்றால் ஒரு பக்கம், இரட்டைப்படை என்றால் மறுபக்கம். படிக்கும்போதே மனசு வலிக்கிறது.

கனடாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆங்கிலமும் பிரெஞ்சும் மத்திய அரசில் சமம். போதிய தேவை உள்ள இடங்களில் எந்த மொழியில் சேவை என்பதைக் குடிமகனே தேர்ந்தெடுக்கலாம். சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்கு இது பெரிய பலம். ஆனால் பிரெஞ்சு பேசுபவர்கள் பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாகாணத்துக்கு இது போதவில்லை. தேர்வு தனிநபர் கையில் இருந்தால் புதிதாக வருபவர்கள் ஆங்கிலத்தின் பக்கம் சாய்வார்கள் என்று அது அஞ்சியது. 1977இல் பிரெஞ்சுக்கு முதலிடம் தரும் சட்டம் 101 கொண்டுவந்து, தன் எல்லைக்குள் நிலத்தின் வழியையே பிடித்தது.

அதனால் பள்ளிக்கும் நிர்வாகத்துக்கும் நிலவழியே சரி என்பேன். சின்ன மொழி நிற்க ஓர் இடம் வேண்டும். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் மட்டும் ஆளின் மொழிதான் முன்னால் வர வேண்டும்.