அம்மாவின் இடுப்பில் ஆர்க்கிட் வேர்

பெர்த்திலிருந்து மூன்று வார விடுப்பில் சிங்கப்பூர் வந்தவன், லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு ஒரே ஒரு மாலைதான் போனேன். மற்ற நாள்களெல்லாம் அம்மாவின் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கே சரியாக இருந்தது.

மருத்துவமனையைப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் படிவங்கள் ஒரே முகப்பில் முடிந்தன. தாதியர் முகம் சுளிக்கவில்லை. மறுபரிசோதனை நாளை மாற்றுவதற்காகத் தொலைபேசியில் நாற்பது நிமிடம் இசை கேட்டதைத்தான் மறக்க முடியவில்லை. பிறகு அந்தப் பீங்கான். “உலோகத்தின்மேல் பீங்கான் பூச்சு இருக்கிறது” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குப் பீங்கான் என்றால் காப்பிக் கோப்பை. “நான் விழுந்தால் உள்ளே நொறுங்கிவிடாதா, தம்பி?” இரவெல்லாம் இதே கேள்வி.

மறுநாள் நடைப்பயிற்சி கொடுக்க வந்த தமிழ்ப் பெண்தான் விளக்கினார். உடல் பாரத்தைச் சுமப்பது டைட்டானியத் தண்டு. சொரசொரப்பும் நுண்துளைகளுமான அதன் பரப்பின்மேல், ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற பீங்கானைப் பிளாஸ்மா எனும் கடும் வெப்ப வாயுச் சுடரில் உருக்கித் தெளிக்கிறார்கள். எலும்பிலும் பல்லிலும் உள்ள கால்சியம் பாஸ்பேட்டின் உறவுதான் அது. அதனால் எலும்பு அதை வேற்றாளாகப் பார்க்காமல் துளைகளுக்குள் வளர்ந்து இறுகிக்கொள்கிறது. எலும்பு திடமாக இருந்தால் சிமெண்டு தேவையில்லை. எலும்பு நன்றாக நுழையத் தலைமுடி அகலத் துளையாவது வேண்டும். ஆனால் துளைகள் கூடக் கூடப் பீங்கானின் வலு குறையும்; அதனால்தான் பாரம் டைட்டானியத்துக்கு. பூச்சு தடித்தாலோ உரிந்துவிடும். ஆகவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே பூசுகிறார்கள். 1985 முதல் மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டுவரும் முறை என்றதும் அம்மா கொஞ்சம் தெளிந்தார். அது நான் பள்ளியில் சேர்ந்த வருடம்.

வீடு திரும்பிய அன்று, தாழ்வாரக் கம்பியில் தொங்கும் ஆர்க்கிட் தொட்டியருகே வாக்கரோடு நின்று, ஒரு கரித்துண்டை இழுத்தார். வேர் அதன் துளைகளுக்குள் புகுந்திருந்தது. வேர்தான் அறுந்தது, கரியை விடவில்லை.

“இப்படித்தானே?”

“இப்படித்தான்.”

“எத்தனை வாரம் ஆகும் என்றாள் அந்தப் பெண்?”

“ஆறிலிருந்து பன்னிரண்டு.”

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பயணத் தேதியைத் தள்ளிவைக்க விமான நிறுவனத்தை அழைத்தேன். அங்கேயும் இசைதான்.