காரைக்குடி பழம்பொருள் கடைத்தெரு: மைக்ரோஸ்கோப் தேடிப் போகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் தேக்குத் தூண், ரவிவர்மா படம், எனாமல் அடுக்கு இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் போவது அதற்கெல்லாம் இல்லை. மதுரையில் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பழைய மைக்ரோஸ்கோப், தராசு, கண்ணாடி சிரிஞ்சு இவற்றைச் சேர்த்து வைப்பேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தத் தெரு எப்படி?

நல்ல தெருதான். ஆனால் இங்கே பித்தளையின் எடையையும் பளபளப்பையும் வைத்து விலை சொல்கிறார்கள். கருவி வேலை செய்யுமா என்று கடைக்காரருக்கும் தெரியாது, பெரும்பாலும் வாங்குகிறவருக்கும் தெரியாது. தெரிந்து போகிறவருக்கு அதுவே லாபம்.

பர்மா, மலாயா, இலங்கை என்று வியாபாரம் செய்த செட்டியார் குடும்பங்கள் கொண்டுவந்த சாமான்கள், வீடுகள் பாகம் பிரியும்போதும் இடிபடும்போதும் இங்கே வந்து சேர்கின்றன. அதனால் வைத்தியச் சாமான் என்று தனி அலமாரி எந்தக் கடையிலும் இருக்காது. டிபன் கேரியர்களுக்கு நடுவே கிட்னி ட்ரே (ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் சிறுநீரக வடிவத் தட்டு) கிடக்கும். ஒரு கடையில் மூக்கு வைத்த பீங்கான் கப் ஒன்றைக் காட்டி, "பொம்மை டீ பாட்டும்மா" என்றார்கள். பாதி மூடி போட்டிருந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்குக் கஞ்சி புகட்டுகிற கப் அது. சாய்த்தாலும் முகத்தில் கொட்டக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பாதி மூடி. 300 ரூபாய்க்குக் கிடைத்தது. கண் கழுவும் கண்ணாடிக் கிண்ணமும் சில கடைகளில் இருக்கும். அதன் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், சில்லு போயிருந்தால் வேண்டாம்.

கண்ணாடி சிரிஞ்சு வாங்கினால் குழாயிலும் உள்ளே போகிற தண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தியவை அவை. தண்டு மாறிப்போனால் அது ஷோகேஸுக்குத்தான். எண் அழிந்திருந்தால் தண்ணீரில் நனைத்து, சிரிஞ்சின் மூக்கை (ஊசி மாட்டுகிற முனையை) விரலால் அடைத்துக்கொண்டு தண்டைக் கொஞ்சம் இழுத்து, பிறகு விட்டுவிடுங்கள். ஜோடி சரியாக இருந்தால் தானாக உள்ளே போகும்.

சரி, மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். ஒரே கடையில் இரண்டு இருந்தன. வாசலில் இருந்தது கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது, 18,000 சொன்னார்கள். உள்ளே, மர பீரோவுக்குப் பின்னால் இருந்தது கறுத்துப்போன லைட்ஸ், ஜெர்மன் கம்பெனி மைக்ரோஸ்கோப். குழாயில் 'வெட்ஸ்லர்' என்ற ஊர்ப் பெயரும் சீரியல் நம்பரும் தெளிவாக இருந்தன. அது 9,000. பாதி விலைக்கு இரண்டு மடங்கு சரக்கு!

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காலத்துக் கருவிகளில் பித்தளை மேல் அரக்கு கலந்த மெல்லிய பூச்சு ஒன்று, தேன் நிறத்தில் இருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அது போயே போய்விடும், எழுத்தும் மழுங்கும். வாசலில் இருந்ததில் அதுதான் நடந்திருந்தது. போதாக்குறைக்கு ஆப்ஜெக்டிவ் (ஸ்லைடுக்குப் பக்கத்தில் வருகிற லென்ஸ்) ஒன்றுகூட இல்லை, மூன்று ஓட்டையும் காலி. ஆப்ஜெக்டிவ் இல்லை என்பதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். அதன் மரை அளவை லண்டன் மைக்ரோஸ்கோப் சங்கத்தார் 1858-லேயே ஒரே அளவாக நிர்ணயித்துவிட்டார்கள். இன்றைக்கு ஹரியானாவில் லேப் கருவிகள் செய்கிற அம்பாலா ஊரில் தயாராகும் சாதாரண ஆப்ஜெக்டிவும் பெரும்பாலும் அதே மரைதான். ஆனால் போன பூச்சை எங்கே போய் வாங்குவது?

கறுப்பு லைட்ஸைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தேன். கைப்பையில் எப்போதும் சாயம் ஏற்றிய ரத்த ஸ்லைடு ஒன்று வைத்திருப்பேன். வெளிச்சத்தை மேலே அனுப்புகிற அடிக் கண்ணாடியை வானத்துப் பக்கம் திருப்பினேன் (சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, கண் போய்விடும்). ஹை பவரில் சிவப்பணுக்கள் வட்ட வட்டமாக, நடுவில் வெளிறித் தெரிந்தன. ஓரமாக ஒரு புள்ளி. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கிற லென்ஸை, சுழற்றினேன், புள்ளியும் கூடவே சுற்றியது. அப்படியானால் அழுக்கு ஐபீஸில், துடைத்தால் போகும். சிலந்தி வலை போல இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். குழாயை ஏற்றி இறக்கும் பெரிய குமிழைத் திருகிக் கையை எடுத்தேன், குழாய் தானாக இறங்கவில்லை, பிடிமானம் சரி. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது இன்னும் வேலை செய்யுதா?" என்றார். விலை ஏறிவிடுமோ என்று பயந்தேன். நல்லவேளை, ஏற்றவில்லை. பேசி 8,000-க்கு முடித்தேன்.

ஆயில் லென்ஸின் (ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கிற லென்ஸ்) முனையில் மட்டும் பழைய செடார் எண்ணெய் மஞ்சளாக இறுகியிருந்தது. வீட்டில் லென்ஸ் பேப்பரில் எண்ணெயைக் கரைக்கிற சைலீன் ஒரு சொட்டு தொட்டு எடுத்தேன். ஊறவிடக் கூடாது, உள்ளே லென்ஸை ஒட்டியிருக்கும் பால்சம் கரைந்துவிடும்.

இப்போது குறை. கப்பல் சாமான் என்று சில கடைகளில் செக்ஸ்டன்ட் (கப்பலில் சூரியன், நட்சத்திரத்தின் உயரத்தைக் கோணமாக அளக்கிற கருவி), தொலைநோக்கி, திசைகாட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு செக்ஸ்டன்டில் 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன் 1917' என்று பொறித்திருந்தது. கெல்வின் கம்பெனியும் ஹியூஸ் கம்பெனியும் ஒன்றாகி அந்தப் பெயர் வந்ததே 1947-ல்தான். "தம்பி, பிள்ளை பிறக்கிறதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே பேர் வெச்சுட்டாங்களா?" என்றேன். சிரித்துவிட்டு, "ரூர்க்கி சரக்கும்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். ரூர்க்கி என்பது இந்த மாதிரி நகல் சாமான்கள் செய்கிற வடநாட்டு ஊர். தெரியாதவருக்கு அதை 12,000-க்கு விற்றிருப்பார், அது எனக்குப் பிடிக்கவில்லை. அலங்காரத்துக்கு என்று சொல்லி அதற்குரிய விலையில் விற்றால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பெயர் வரலாறு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. செக்ஸ்டன்டின் நகரும் கையை அளவுகோலின் பூஜ்யத்தில் வைத்து, நல்ல தூரத்தில் தெரிகிற ஒரு மொட்டைமாடி விளிம்பைப் பாருங்கள். உண்மையான செக்ஸ்டன்டில் நேராகத் தெரிவதும் கண்ணாடி வழியாகத் தெரிவதுமான இரண்டு பிம்பமும் ஒரே கோடாகச் சேரும், கொஞ்சம் விலகியிருந்தால் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள திருகில் சரிசெய்யலாம். போலியில் பெரும்பாலும் திருகே இருக்காது, கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்.

பாதரச பிபி அப்பரேட்டஸும் பாரோமீட்டரும் கண்ணில் பட்டால், குழாய் விரிசல் இல்லாமல் இருந்தாலும் நான் தொடுவதில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரக்கூடிய பொருளா அது?

பேக்கிங் சுமார். செய்தித்தாளைச் சுற்றிக் கட்டைப்பையில் போட்டுத் தருகிறார்கள். லென்ஸ்களை எல்லாம் கழற்றித் தனியாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டியது தொல்பொருள் கணக்கில் வந்துவிடலாம், அப்படி வந்தால் நாட்டைவிட்டுத் தனியார் கொண்டுபோக முடியாது. நூறு ஆகாதது என்றால் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. அதற்காகவாவது பில் கேளுங்கள். எனக்கு முதலில் 'பழைய பித்தளை சாமான் 1' என்று எழுதித் தந்தார்கள். கம்பெனி பெயரும் சீரியல் நம்பரும் சேர்த்து எழுதச் சொன்னேன், முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள்.