பழைய வீட்டை அளக்க வந்த நில அளவர்

திருநெல்வேலி டவுனில் தெற்கு ரத வீதியை ஒட்டியுள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் மூவரும் பிரித்துக்கொள்வதற்காக, உரிமம் பெற்ற தனியார் நில அளவர் ஒருவரை அமர்த்தினோம். அவருடைய பணியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வந்தவர் டேப்பை எடுக்கவில்லை. "முதல்ல மூலப் பத்திரத்தைக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கி, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் நான்கெல்லை எழுதப்பட்ட பகுதியைத் திண்ணையில் அமர்ந்து இருமுறை படித்தார். 'கிழக்கே நடை பாத்தியமுள்ள பொது முடுக்கு', அதாவது நடந்து செல்லும் உரிமையுள்ள பொதுவான குறுகிய சந்து, என்ற வரியை ஜெராக்ஸ் பிரதியில் அடிக்கோடிட்டுக்கொண்டார். இதற்கு முன் வந்த வேறொருவர் சுவருக்குச் சுவர் அளந்து, முடுக்கில் பாதியை எங்கள் கணக்கிலேயே சேர்த்துவிட்டுப் போயிருந்தார்.

இந்தப் பகுதியின் அமைப்பை அவர் விளக்கிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வாகையடி முக்கிலும் சந்திப் பிள்ளையார் முக்கிலும் திரும்பியாக வேண்டும் என்பதால் ரத வீதியின் அகலத்தில் யாரும் எளிதில் கைவைக்க முடியாது. ஆகவே வீதியைப் பார்த்த வாசலுக்கு மதிப்பு கூடி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் கிடைக்கும்படி வீடுகள் நீளவாக்கில் பிளக்கப்பட்டன. அப்படியும் வீதி வாசல் இல்லாத பின்கட்டு யாருடைய பங்குக்குப் போனதோ அவருக்கு வழி விட வேண்டியிருந்தது. எங்கள் முடுக்கு பிறந்தது அப்படித்தான். அது நடுவில் சட்டென்று வளைவதற்கும் காரணம், அந்த இடத்தில் ஒரு பங்கு முடிந்து மற்றொன்று தொடங்குவதே.

அங்கே சாக்கடை ஓரத்தில் புதைந்திருந்த அத்துக்கல்லை (எல்லைக்கல்லை) மண்வெட்டியால் சுரண்டி வெளியே எடுத்துக் காட்டினார். கல்லிலிருந்து எதிர்ச்சுவர் வரை 7 லிங்க். நிலம் அளக்கும் 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க் என்பதால் அது ஏறத்தாழ 4 அடி 7 அங்குலம் ஆகும்.

குறை இல்லாமலும் இல்லை. சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் கழித்தே வரைபடம் கைக்கு வந்தது; அளவுகள் லிங்க்கில் மட்டும் இருந்ததால், மீட்டரில் மாற்றித் தரும்படி மீண்டும் அலைய நேர்ந்தது. புதிய மனைப்பிரிவில் இடம் வாங்குவோருக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. டவுனில் பழைய வீட்டைப் பிரிப்பவர்கள் இப்படிப் பத்திரம் படிக்கத் தெரிந்த அளவரையே தேடிப் பிடியுங்கள். எங்கள் மூவரின் புதிய பத்திரங்களிலும் அந்த முடுக்கு பொது என்றே எழுதப்பட்டுள்ளது.