336, 1,000, 2,000: குறைந்த கூலியை உயர்த்துவது எந்தப் பணம்?

கிராமத்தில் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை மூன்று அரசுப் பணங்கள் தொடுகின்றன. முதலாவது நூறு நாள் வேலை. தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். இரண்டாவது கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் மாதம் 1,000 ரூபாயுடன் தொடங்கியது. மூன்றாவது பணம் அவர் கைக்கு நேராக வருவதில்லை, அவரை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்குப் போகிறது. ‘பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா’ என்ற பெயரில் 99,446 கோடி ரூபாய் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு இது பொருந்தும்.

மூன்றையும் “நலத்திட்டம்” என்றோ “இலவசம்” என்றோ ஒரே மூட்டையில் கட்டிச் சண்டை போடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவற்றில் எது அந்தப் பெண்ணின் சந்தைக் கூலியை மேலே தள்ளும்?

கம்பெனி வேலை: கணக்கைப் பிரித்தால்

மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு தையல் அல்லது காலணி ஆலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் பிடித்தால் 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய். இஎஸ்ஐ 0.75 விழுக்காடு, 90 ரூபாய். கைக்கு வருவது 10,470. இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 402 ரூபாய் சொச்சம். ஊருக்குள்ளேயே கிடைக்கும் 336க்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 66 ரூபாய். அதற்கு எட்டு மணி நேர வேலை, வேன் பயணம், வீட்டில் பிள்ளையை யாரிடமாவது விட்டுப் போகும் ஏற்பாடு எல்லாம் உண்டு.

ஆனால் ஆண்டுக் கணக்கில் ஆலைக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வரவே முடியாது. கைக்கு வரும் 10,470ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,25,640. பிஎஃப் சேமிப்பும் இஎஸ்ஐ மருத்துவமும் தனி. நூறு நாள் வேலையில் ஒரு குடும்பத்துக்கு நாடு முழுவதற்குமான சராசரி ஐம்பது நாளை ஒட்டித்தான் இருந்து வந்திருக்கிறது. ஐம்பது நாளுக்கு 16,800, உரிமைத் தொகை 12,000, இரண்டும் சேர்ந்து 28,800. வேலைவாய்ப்புதான் வறுமைக்கு மருந்து என்பவர்கள் பக்கம் இந்த அளவுக்கு முழு நியாயம் இருக்கிறது.

அந்த வேலையை உருவாக்க அரசு கொடுக்கும் பணம் எங்கே நிற்கிறது என்பதில்தான் கோளாறு. பிஎஃப் கணக்கில் காட்டும் சம்பளம் 10,001 முதல் 20,000 வரை இருந்தால், கூடுதலாகச் சேர்த்த ஓர் ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் முதலாளிக்கு. இரண்டு ஆண்டுகள் கிடைக்கும், உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டுகள். ஐம்பதுக்குக் குறைவான ஆட்கள் உள்ள நிறுவனம் குறைந்தது இரண்டு பேரையும், அதற்கு மேற்பட்டது ஐந்து பேரையும் புதிதாகச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். 2,000ஐ இருபத்தாறால் வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 77 ரூபாய். அந்தப் பெண் ஊரை விட்டு வேனேறிப் போவதால் கூடுதலாகப் பெறும் 66ஐவிட, அவரை எடுத்ததற்காக முதலாளி பெறுவது அதிகம்.

10,500 கொடுத்தாலும் 2,000தான், 19,500 கொடுத்தாலும் 2,000தான். இந்த இடைவெளிக்குள் சம்பளத்தை உயர்த்த முதலாளிக்கு ஒரு பைசா தூண்டுதலும் இல்லை. தொழிலாளிக்கும் ஒரு பங்கு உண்டு: முதன்முறை பிஎஃப்பில் சேர்பவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 15,000, இரண்டு தவணையாக. இரண்டாம் தவணை பன்னிரண்டு மாதம் வேலையில் இருந்து, நிதி அறிவுப் பயிற்சியும் முடித்த பிறகுதான். ஆறு மாதம் முடிவதற்குள் உடல்நிலையாலோ பிரசவத்தாலோ நின்றுவிட்டால் முதல் தவணைகூட இல்லை. உற்பத்தித் துறையில் 2,000 வீதம் நாற்பத்தெட்டு மாதம் முதலாளிக்கு 96,000, தொழிலாளிக்கு ஒரே தடவை 15,000 வரை. இந்தப் பங்கீட்டை நியாயம் என்று எவ்வளவு முயன்றாலும் சொல்ல முடியவில்லை.

உரிமைத் தொகை

ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் வரும் 12,000, நூறு நாள் வேலையில் 36 நாள் கூலிக்குச் சமம். மாதந்தோறும் தேதி தப்பாமல் வங்கிக் கணக்குக்கு வருவதுதான் இதன் பலம். அரிசி ரேஷனில், பேருந்து கட்டணமில்லாமல், கையில் ஆயிரம் என்று சேரும்போது, கந்துவட்டிக்காரரிடம் கை நீட்டாமல் ஒரு மாதம் ஓட்டலாம்.

சிக்கல் தகுதி விதிகளில். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும் வீட்டில் இந்த 3,600 சுலபமாகத் தாண்டிவிடும். நிராகரித்தால் முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியே கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில், எத்தனை குடும்ப அட்டைகள் அந்த வீட்டில் என்பதை ஆவணத்தோடு காட்டினால்தான் பேச்சு எடுபடும்.

விலைவாசி ஏறினால் தொகையும் ஏற வேண்டும் என்ற விதி இதில் கிடையாது. அரசாணையில் நிற்பதால், ஆட்சியாளர் மனம் வைத்தால்தான் உயரும்.

நூறு நாள் வேலையின் தனித்தன்மை

தொகை சிறிது, வேலை கடினம், குறைகள் ஏராளம். இருந்தும் சந்தைக் கூலியை நேரடியாக அசைக்கும் திறன் மூன்றில் இதற்கே அதிகம். களையெடுக்கக் கூப்பிடும் விவசாயி 250 என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் 336க்கு வேலை நடந்தால் “அங்கேயே போய்க்கிறேன்” என்று அந்தப் பெண் சொல்ல முடியும். வேலை நடக்காவிட்டால் 250க்குக் குனிய வேண்டியதுதான். “நூறு நாள் வேலையால் ஆள் கிடைக்கவில்லை” என்ற விவசாயிகளின் புகார், இந்தத் திட்டம் வேலை செய்கிறது என்பதற்கான சான்று. ஆந்திராவில் ஸ்மார்ட் கார்டு வழியாகக் கூலி ஒழுங்காகப் போய்ச் சேரத் தொடங்கியபோது, ஏழைகளின் வருமானம் கூடியதில் பெரும்பகுதி திட்டத்திலிருந்து வரவில்லை, வெளி வேலைகளில் கூலி ஏறியதால் வந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். சிறு விவசாயிக்கு இது சுமைதான். அதற்கான தீர்வு நெல்லுக்கும் கரும்புக்கும் கட்டுபடியாகும் விலை. அவருடைய நட்டத்தைக் களையெடுக்கும் பெண்ணின் முதுகில் ஏற்றக் கூடாது.

இந்தப் பேரம் பேசும் பலம் மூன்று இடங்களில் கசிந்தது. முதலில் விண்ணப்பம். வேலை கேட்டுப் படிவம் 6 கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்காவிட்டால் பதினைந்து நாள் கணக்கே தொடங்காது. ரசீது இருந்தால், பதினைந்து நாளில் வேலை தராதபோது முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்கும் அதன் பிறகு பாதியும் வேலையின்மைப் படியாகக் கேட்கலாம். அதை மாநில அரசு கொடுக்க வேண்டும் என்பதாலேயே பல ஊராட்சிகளில் ரசீது தரத் தயங்கினார்கள். அடுத்தது அளவை. குழு வெட்டிய மண்ணை அளந்து கூலி போடுவதால், அறிவித்த 336 பல நேரம் முழுதாக வராது. மூன்றாவது பணம் போகும் வழி. ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும். வேறு தேவைக்குப் புதுக் கணக்கு தொடங்கி ஆதார் கொடுத்திருந்தால், பழைய பாஸ்புக்கை எத்தனை முறை பதிந்தாலும் கூலி தெரியாது.

இவற்றைவிடப் பெரிய அடி தாமதம். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நிலுவை 4,034 கோடி என்று மாநில அரசு சொன்னது. மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச் முதல் நிதியே நின்றது. நாலு மாதம் கழித்து வரும் 336ஐ நம்பி, இன்றைக்குக் கையில் கொடுக்கும் 250ஐ யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நூறை 125 நாளாக உயர்த்துகிறது. கூடவே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க வழிசெய்கிறது. முன்பு கூலி முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்றது, இனி பெரும்பாலான மாநிலங்கள் 40 விழுக்காடு போட வேண்டும். கூலிக்குப் பேரம் பேச முடிந்த நாட்கள் அந்த அறுபதுதான். கூடுதலாகத் தரும் இருபத்தைந்து நாள் அதை ஈடுகட்டாது.

என்னைக் கேட்டால், முதல் ரூபாய் நூறு நாள் வேலையின் கூலியைப் பதினைந்து நாளுக்குள் போட்டு முடிப்பதற்குப் போக வேண்டும். உரிமைத் தொகையை ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். முதலாளிக்கான 2,000ஐ, 12,000க்கு ஒரு அளவு, 15,000க்கு அதைவிடக் கூடுதல், 18,000க்கு இன்னும் கூடுதல் என்று படிக்கட்டாக மாற்றினால், செலவாகும் அதே கோடிகளில் ஒரு பகுதியாவது தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சம்பளச் சீட்டில் தெரியும். அறுபது நாள் நிறுத்தத்தை எந்தெந்த வாரங்களில் வைப்பது என்பது மாநிலம் அறிவிக்க வேண்டியது. மாவட்டத்துக்கு மாவட்டம் நடவும் அறுவடையும் மாறுபடுவதால், அந்தத் தேதிகள் குறித்துக் கிராம சபையில் இப்போதே தீர்மானம் போட்டு எழுத்தில் பதிய வைக்கலாம்.