கரை திருத்திய ஓயாவில் எதை அளப்பது: கல்லா, பூச்சியா, கலங்கலா?

ஓயாவின் (சிற்றாற்றின்) சரிந்த கரைக்குக் கம்பிக்கூடையில் கல் அடுக்கி, மேலே வெட்டிவேர் நட்டாயிற்று. கரை நிற்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் உயிர்கள் வாழும் இடம் மீண்டதா என்பது அளந்தால்தான் தெரியும். கரை சரியும்போது வரும் பொடிமண் கல்லிடுக்குகளை அடைக்கிறது. பூச்சிகள் வாழ்வதும் பல மீன்கள் முட்டையிடுவதும் அந்த இடுக்குகளில்தான். ஆகவே திருத்த வேலை பலித்ததா என்று பார்க்க இலங்கை மலையகத்தில் மூன்று வழிகள் கைக்கு எட்டும்: கல் எண்ணுவது, வலை போட்டுப் பூச்சி பிடிப்பது, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் கலங்கல் குழாயில் பார்ப்பது.

எதைத் தேர்ந்தாலும், திருத்திய இடத்துக்கு மேலே அதே ஓயாவில் ஒப்பிட ஓர் இடம் வேண்டும். இரண்டு இருந்தால் நல்லது. ஒப்பிடும் இடத்துக்கும் திருத்திய இடத்துக்கும் நடுவே கிளை ஓடையோ தேயிலை மலையின் கானோ (வடிகாலோ) வந்து சேரக்கூடாது. வேலை தொடங்குமுன் ஒரு தடவையாவது அளந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிறகு எவ்வளவு அளந்தாலும் மாற்றம் வேலையால் வந்ததா, இடத்தின் இயல்பா என்று பிரிக்க முடியாது. மேல் கொத்மலை அணைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இடம் எடுக்கவே வேண்டாம். அங்கே நீரோட்டத்தை அணை தீர்மானிக்கிறது.

கல் எண்ணும் முறை 1954இல் அமெரிக்க ஆற்றியல் ஆய்வாளர் வோல்மன் வகுத்தது. ஆழமில்லாமல் கல்லில் மோதி ஓடும் இடத்தில் கரைக்குக் கரை குறுக்காக நடக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் கீழே பார்க்காமல் பூட்ஸ் நுனியில் விரலை வைத்து, முதலில் படுவதை எடுத்து, அதன் நடு அச்சை மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். நீளமானதும் அல்ல, தட்டையானதும் அல்ல, இடைப்பட்ட பக்கம். புதைந்து வராத கல்லுக்கு, தெரியும் இரண்டு பக்கங்களில் சிறியதை எழுதலாம். 2 மி.மீ.க்குக் குறைந்தது பொடிமண் கணக்கு. இப்படி 100 கல்.

இதில் கெடுவது இரண்டு இடங்களில். பார்த்து எடுத்தால் கை தானாகப் பெரிய கல்லுக்குப் போகும். பொடிமண் குறைந்துவிட்டதாகப் பொய்க்கணக்கு வரும். அடுத்தது எண்ணிக்கை. 100 கல்லில் பொடிமண் 20 வீதம் என்றால், அது 12க்கும் 28க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆகவே முந்திய தடவை 26, இந்தத் தடவை 20 என்பது முன்னேற்றம் அல்ல. 400 கல் எண்ணினால் அந்த இடைவெளி பாதியாகும். ஓர் ஆள் அளக்க, ஓர் ஆள் எழுத, காலை நேரத்தில் முடியக்கூடிய வேலைதான், சோம்பக்கூடாது.

பூச்சி வலைக்கு 500 மைக்ரோன் கண்ணுள்ள துணி வேண்டும். நுளம்பு வலையின் கண் அதைவிட இரு மடங்குக்கு மேல் பெரிது. சின்னப் புழுக்கள் அதில் நழுவிவிடும். வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதன் முன்னால் கல்லைக் காலால் கிளறியபடி மேல்நோக்கி நகர வேண்டும். மொத்தம் 3 நிமிடம், எல்லா இடத்திலும் ஒரே 3 நிமிடம். இலைச்சருகு அடைத்தால் வலைக்குள் வந்த நீர் திரும்பி வழியும், பூச்சியும் அதோடு போகும். அதனால் இடையில் நிறுத்தி வெள்ளைத் தட்டில் கொட்டிக்கொள்ள வேண்டும். 70 வீத எதனோலில் போடுங்கள். மறுநாள் அதை மாற்றாவிட்டால் பூச்சியின் உடல்நீரே அதை நீர்க்கச் செய்து மாதிரி அழுகும்.

வயிற்றோரம் செவுளும் பின்னால் பெரும்பாலும் மூன்று வாலும் உள்ள மேஃபிளைக் குஞ்சுகள், மணலால் கூடு கட்டும் கேடிஸ் புழுக்கள் இருந்தால் நல்லது. சிவப்புப் புழுக்கள் மட்டுமே மிஞ்சினால் ஒட்சிசன் குறைந்திருக்கலாம். ஆனால் எந்தப் பூச்சி இருந்தால் தண்ணீருக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் பிரித்தானியப் பட்டியலை அப்படியே போடாதீர்கள். அதில் உச்சப் புள்ளி பெறும் கல்பூச்சிகள் (ஸ்டோன்ஃபிளை) இலங்கையில் இயல்பாகவே மிகக் குறைவு. அவை இல்லாதது மாசுக்குச் சான்று ஆகாது. பெருவெள்ளம் போய் இரண்டு கிழமையாவது கழியாமல் வலை போடவும் கூடாது.

கலங்கல் குழாய் மலிவு, ஒரு பிள்ளையும் பார்க்கலாம். ஆனால் மண் ஓடுவது மழை கொட்டும் சில மணி நேரத்தில். மறுநாள் காலை எடுத்த தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அடைமழையில் ஆற்றோரம் நிற்பது ஆபத்து. மேலே பெய்தால் கீழே சொல்லாமல் வரும்.

ஆகவே கரை திருத்தத்துக்குக் கல் எண்ணிக்கைதான் முதன்மை. அது மண்ணை மட்டும் சொல்கிறது, திருத்தமும் மண்ணுக்காகத்தான். பூச்சி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மேலே உருளைக்கிழங்கு, லீக்ஸ் தோட்டம் இருந்தால் கரை நன்றாக நின்றாலும் மருந்தாலும் உரத்தாலும் பூச்சி குறையும். பழி கரைக்குப் போகும். கல் தேறியும் பூச்சி தேறாவிட்டால் தேட வேண்டியது தண்ணீரில். அந்தக் கேள்விக்காகவே வலையை வருடம் ஒரு தடவையாவது போட வேண்டும்.

அளக்க ஏற்ற காலம்: அட்டன், தலவாக்கலைப் பக்கம் பெப்ரவரி–மார்ச்; பதுளை, வெலிமடைப் பக்கம் ஜூலை–ஆகஸ்ட். இரண்டும் நீர் குறைந்த காலம். புதிதாகப் போட்ட மண் முதல் பருவப்பெயர்ச்சி மழையில் கொஞ்சம் கரையத்தான் செய்யும், மேலே கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலை இருந்தால் இன்னும் கூடும். முதல் வருடக் கணக்கை எழுதி வையுங்கள். தீர்ப்பை இரண்டாவது மழைக்குப் பிறகு சொல்லுங்கள்.