பகடையைத் தொடும் முன்பே பேச வைக்கும் விளையாட்டு: பிளேட்ஸ் இன் த டார்க்

பிளேட்ஸ் இன் த டார்க் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. அதில் ஒரு முழு கேம்பெய்னை, அதாவது ஒரு தொடர்கதையை, நடத்தி முடித்துவிட்டேன், இருபது செஷனுக்கு மேல் ஓடியது. ஜான் ஹார்ப்பர் உருவாக்கியது, 2017-ல் ஈவில் ஹேட் நிறுவனம் வெளியிட்டது. சூரியன் உடைந்துபோன உலகம், டாஸ்க்வோல் என்ற இருட்டு நகரம், தெருவெல்லாம் பேய் பயம், பிளேயர்கள் எல்லாரும் ஒரே திருட்டுக் கும்பல். கதைக்களம் அருமை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. ஒரு பிளேயர் "நான் இதைச் செய்கிறேன்" என்று சொன்ன பிறகு, அது நடந்ததா இல்லையா என்று கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர், முடிவு சொல்வதற்குள் மேஜையில் என்ன நடக்கிறது? அந்த இடைவெளியை இவ்வளவு நன்றாகக் கையாளும் விதிப்புத்தகத்தை நான் வேறு பார்த்ததில்லை.

ஏன் இது எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் இதே வகையில் மிகப் பிரபலமான டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு விளையாடும்போது, என் திருடன் ஒரு கூரையிலிருந்து எதிர்க்கூரைக்குத் தாவுவதாகச் சொன்னேன். என் மனக்கண்ணில் அது ஒரு குறுகலான சந்து. கேம் மாஸ்டர் மனக்கண்ணில் அகலமான தெரு, கீழே கல் தரை. உருட்டச் சொன்னார், உருட்டினேன், விழுந்துவிட்டாய் என்றார், பாதி உயிர் போய்விட்டது. "இவ்வளவு தூரம்னு தெரிஞ்சிருந்தா தாவியே இருக்க மாட்டேனே" என்று நான் சொல்ல, அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அவர் மேல் தப்பே இல்லை. அந்த விளையாட்டில் கேம் மாஸ்டர் ஒரு இலக்கு எண்ணை மனதில் வைத்துக்கொள்வார், சுலபம் என்றால் 10, நடுத்தரம் 15, கடினம் 20. இருபது முகப் பகடையில் விழுந்ததோடு நம் திறமையைக் கூட்டி அதை எட்டினால் சரி, இல்லாவிட்டால் இல்லை. எண்ணை வெளியே சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தோற்றால் என்ன ஆகும் என்பதையும் உருட்டிய பிறகுதான் பலர் யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.

பிளேட்ஸில் தோற்றால் என்ன, ஜெயித்தால் என்ன என்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மொத்தம் 12 ஆக்‌ஷன்கள். கமாண்ட், ஸ்வே, பிரவுல், ஃபினெஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு வகைத் திறமை. எதைப் பயன்படுத்துகிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பது பிளேயர், அதில் கேம் மாஸ்டர் தலையிட முடியாது. பதிலுக்கு கேம் மாஸ்டர் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று பொசிஷன், அதாவது தப்பாகப் போனால் எவ்வளவு அடி விழும், குறைவிலிருந்து கூடுதலாக: கன்ட்ரோல்ட், ரிஸ்கி, டெஸ்பரேட். இன்னொன்று எஃபெக்ட், சரியாகப் போனால் எவ்வளவு பலன்: லிமிடெட், ஸ்டாண்டர்ட், கிரேட்.

எங்கள் மேஜையில் நடந்த ஒன்று. ஒரு கிடங்கு வாசலில் காவலாளி, கையில் எச்சரிக்கை மணி. "மிரட்டி வழிவிட வைக்கிறேன், கமாண்ட்" என்றார் ஒரு பிளேயர். நான் சொன்னேன்: "ஆள் பயந்தாங்கொள்ளி, அதனால கிரேட். ஆனா கை மணி மேலயே இருக்கு, பதறினா அடிச்சிடுவான், டெஸ்பரேட்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நைசா பேசி காசு கொடுத்துப் பார்க்கிறேன், ஸ்வே?" என்று கேட்டார். "அது ரிஸ்கிதான். ஆனா லிமிடெட், கதவைத் திறப்பான், உள்ள யார் இருக்காங்கன்னு சொல்ல மாட்டான்." கடைசியில் மிரட்டலையே தேர்ந்தெடுத்தார், தெரிந்தே. டெஸ்பரேட்டில் உருட்டினால் ஒரு அனுபவப் புள்ளி கிடைக்கும் என்பது கூடுதல் தூண்டில். இந்தப் பேச்சுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த வாசல் எல்லார் மனதிலும் ஒரே வாசலாகிவிட்டது.

பகடைக் கணக்கு எளிது. திறமை எத்தனையோ அத்தனை ஆறு முகப் பகடை, அதில் உயர்ந்தது மட்டும் கணக்கு. 6 வந்தால் நினைத்தது நடக்கும், 4 அல்லது 5 என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது ஒரு விலை உண்டு, 3-க்குள் என்றால் கெட்டது. இரண்டு பகடை உருட்டினால் தோல்வி 25 சதவீதம்தான், விலையோடு வெற்றி 44 சதவீதம். மூன்று பகடையானாலும் நடு முடிவுதான் அதிகம், 45 சதவீதம். எதிரிகளுக்கென்று கேம் மாஸ்டர் திரும்ப உருட்டுவதும் இல்லை, அவர்கள் செய்வதெல்லாம் பிளேயரின் உருட்டலுக்கு வரும் விளைவாகவே வந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது ரெசிஸ்டன்ஸ். நான் ஒரு மோசமான விளைவைச் சொன்னால், "இல்லை, தடுக்கிறேன்" என்று பிளேயர் சொல்லலாம். அது நிச்சயம் குறையும் அல்லது இல்லாமலே போகும். விலை என்ன என்பதுதான் கேள்வி: 6-லிருந்து அவர் உருட்டியதில் உயர்ந்த எண்ணைக் கழித்தால் வருவது ஸ்ட்ரெஸ், அதாவது மன அழுத்தம். மொத்தம் 9 கட்டம், நிறைந்துவிட்டால் ஒரு ட்ராமா (trauma, ஆறாத மனக்காயம்), நாலு ட்ராமா ஆனால் அந்தக் கதாபாத்திரத்தின் திருட்டு வாழ்க்கை முடிந்தது. இதனால் எனக்குக் கிடைத்த சுதந்திரம் பெரியது. முன்பெல்லாம் பிளேயர் மனம் கோணுமே என்று அடியைப் பாதியாக்கிச் சொல்வேன். இங்கே கூசாமல் "கத்தி தோள்ல இறங்குது" என்று சொல்ல முடிகிறது, வேண்டாம் என்றால் தடுக்க அவர்கள் கையிலேயே வழி இருக்கிறது.

நீண்ட வேலைகளுக்கு வட்டம் போட்டு 4, 6, 8 என்று துண்டு பிரிக்கும் கிளாக் இருக்கிறது. வெற்றி கிடைக்கும்போது லிமிடெட்டுக்கு ஒரு துண்டு நிரப்பலாம், ஸ்டாண்டர்டுக்கு இரண்டு, கிரேட்டுக்கு மூன்று, எல்லாம் நிரம்பினால் வேலை முடிந்தது. எந்த விளையாட்டிலும் ஒட்டிக்கொள்ளும்.

சரி, குறைகள். அந்த 44 சதவீதம் கேம் மாஸ்டரைச் சக்கையாகப் பிழிந்துவிடும். ஒவ்வொரு 4-க்கும் 5-க்கும் புதுசாக ஒரு சிக்கல் யோசிக்க வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு "இன்னும் ரெண்டு காவலாளி வர்றாங்க" என்பதைத் தவிர எதுவும் தோன்றாது. ஐந்தாறு செஷன் கழித்துத்தான் ஒரு 'உஷார்' கிளாக்கை வரைந்து வைத்துக்கொண்டு, யோசனை வராதபோது அதில் துண்டு நிரப்பப் பழகினேன். அப்புறம், எஃபெக்டை முடிவு செய்ய ஆள்பலம், தரம், வீரியம் என்று புத்தகம் தரும் காரணிகளை ஒவ்வொரு உருட்டலுக்கும் எடை போட்டால் ஆட்டம் நின்றே போகும். பெரிய எதிரி வரும்போது மட்டும் பாருங்கள். ஆக்‌ஷன்கள் ஒன்றோடொன்று உரசுவதும் உண்மை, ஒளிந்து போவதற்கு பிரவுலா ஃபினெஸ்ஸா என்று எங்கள் மேஜையில் கடைசி வரை தகராறுதான். கட்டம் போட்ட வரைபடத்தில் அடி அளந்து சண்டை போடுவதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இது உங்களுக்கான விளையாட்டு இல்லை, அந்தச் சுகம் இதில் துளியும் கிடையாது.

இப்போது நான் டி அண்ட் டி நடத்தும்போதும் இலக்கு எண்ணையும் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உருட்டச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டுமா? அடிப்படை விதிகளை இணையத்தில் இலவசமாகவே தந்திருக்கிறார்கள். நகரம், கும்பல் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஆக்‌ஷன் ரோல், ரெசிஸ்டன்ஸ் பகுதிகளைப் படித்து, உங்கள் ஆட்களோடு ஒரே ஒரு கதவைத் திறந்து பாருங்கள்.